மூன்றாம் நிலை நாளில் மலைக்குப் போகலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஆறு வருடமாக ரிசார்ட் எல்லைக்குள் மட்டும் ஸ்கீ செய்திருக்கிறீர்கள். இந்தக் குளிர்காலம் நண்பர்கள் மூன்று பேரோடு முதல்முறையாக அந்த எல்லையைத் தாண்டி, யாரும் பராமரிக்காத மலைக்குப் போகப்போகிறீர்கள். நால்வரிடமும் டிரான்ஸீவர் (புதைந்தவரைச் சமிக்ஞையால் தேடும் கருவி), புரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), ஷவல் (பனி வாரும் மண்வாரி) இருக்கின்றன. இரண்டு பேரிடம் ஏர்பேக்கும் (கைப்பிடியை இழுத்தால் காற்று நிரம்பி விரியும் முதுகுப்பை) உண்டு. அந்தப் பகுதியின் பனிச்சரிவு அறிக்கை இந்த வாரம் முழுக்க, ஐந்து ஆபத்து நிலைகளில் மூன்றாம் நிலையிலேயே நிற்கிறது. ஆனால் அந்தச் சாய்வில் நேற்றே நாலைந்து பேர் இறங்கிய தடம் இருப்பதாக நண்பர் சொல்கிறார். ஒரு சாய்வில் பனி சரியுமா சரியாதா என்று பார்த்தே தெரிந்துகொள்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருப்பது இவ்வளவுதான். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: கருவியும் இருக்கிறது, முன்னால் ஆட்களும் போயிருக்கிறார்கள், அப்படியானால் போகலாம்தானே? இரண்டுக்கும் சொல்கிறேன், இரண்டாவதற்குத்தான் அதிகம்.

முதலில் என்னைப் பற்றி. பதினெட்டுக் குளிர்காலங்களாக வெளிமலைகளில் ஸ்கீ கட்டிக்கொண்டு ஏறி இறங்குகிறேன். பனிச்சரிவுப் பயிற்சி வகுப்புகளை முடித்து, இப்போது புதியவர்களுக்கான வகுப்புகளில் கூடமாட உதவுகிறேன். அறிக்கை தயாரிக்கும் முன்னறிவிப்பாளர் இல்லை, மருத்துவரும் இல்லை. நீங்கள் போகும் சாய்வை நான் பார்த்ததும் இல்லை. அதனால் போங்கள், போகாதீர்கள் என்று இங்கிருந்து தீர்ப்பு எழுத மாட்டேன். எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா என்றால், முடியாது. ஆபத்தான சாய்வு சிலசமயம் தானாகக் காட்டிக்கொடுத்துவிடும். பத்திரமான சாய்வு எதுவும் தன்னைப் பத்திரமானது என்று காட்டிக்கொள்வதில்லை. இந்த வித்தியாசம் பிடிபட வேண்டுமென்றால், பனிச்சரிவு என்று நாம் சொல்வது உண்மையில் என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பஞ்சு மாதிரி பனி மேலிருந்து உருண்டு வருவதுதான் பனிச்சரிவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப்பட்டதும் உண்டு, ஒரு புள்ளியில் தொடங்கி கீழே விரிந்துகொண்டே வரும். ஸ்கீ செய்பவர்களைப் பெரும்பாலும் கொல்வது அது இல்லை. கொல்வது ஸ்லாப், அதாவது பலகைபோல ஒட்டிக்கிடக்கும் பனி அடுக்கு. அந்தப் பலகைக்கு அடியில் பலம் இல்லாத மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கும். நீங்கள் மேலே நின்று கொடுக்கும் எடை அந்த மெல்லிய அடுக்கை ஓர் இடத்தில் நொறுக்குகிறது. நொறுங்கிய இடத்திலிருந்து விரிசல் நொடிக்கு 20 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பக்கவாட்டில் ஓடுகிறது. சாய்வு போதிய அளவு செங்குத்தாக இருந்தால் பலகை முழுவதும் ஒரே சமயத்தில் கழன்றுகொள்ளும். அப்போது நீங்கள் பெரும்பாலும் அதன் நடுவில் நின்றுகொண்டிருப்பீர்கள். தலைக்கு மேல் பல மீட்டர் தூரத்தில் ஒரு கோடு கிழிவதைப் பார்க்கிறீர்கள், காலடியில் தரை துண்டு துண்டாக உடைகிறது, சில நொடிகளில் காரின் நெடுஞ்சாலை வேகத்தில் கீழே போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஸ்கீயர்கள் சாகும் பனிச்சரிவுகளில் சுமார் 90 சதவீதத்தைத் தூண்டிவிட்டது அந்த ஆளோ கூட வந்தவரோதான். விபத்து என்று சொன்னாலும், வானத்திலிருந்து விழுந்ததில்லை. இதை ஒருவகையில் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன்: தூண்டுவது நாமென்றால், தூண்டாமலிருப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

அந்த மெல்லிய அடுக்கு எப்படி உருவாகிறது? இங்கேதான் நம் பொது அறிவு நம்மை ஏமாற்றும். பனி குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று தோன்றும். உண்மையில் ஆழம் குறைந்த பனியில்தான் அடித்தளம் கெட்டுப்போகிறது. பனிக்கு அடியில் இருக்கும் தரை ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும். மேலே காற்றோ மைனஸ் பதினைந்து, இருபது. நடுவில் பனி அரை மீட்டர்தான் என்றால், அந்த வெப்ப வேறுபாடு முழுவதும் குறுகிய தூரத்துக்குள் அடங்கியாக வேண்டும். ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபாடு வந்துவிட்டால், நீராவி கீழிருந்து மேலேறிப் பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத, கோணல்மாணலான படிகங்களாக மாற்றிவிடும். கையில் அள்ளினால் சர்க்கரைபோல உதிரும். சர்க்கரைப் பனி என்றே சொல்கிறோம். குளிர்காலத் தொடக்கத்தில் கொஞ்சமாகப் பெய்து, அப்புறம் பல நாள் தெளிந்த வானமும் கடுங்குளிருமாக இருந்தால், அந்த வருடத்தின் அஸ்திவாரமே சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வகை, காற்றில்லாத தெளிந்த இரவுகளில் பனியின் மேல் பூக்கும் இறகு வடிவப் படிகங்கள். காலை வெயிலில் மினுமினுக்கும்போது அதைவிட அழகான காட்சி மலையில் இல்லை. அடுத்த பனிப்பொழிவு அதை அப்படியே மூடிவிட்டால் வாரக்கணக்கில் உள்ளே உயிரோடு இருக்கும். மேலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைச் சாய்வு, வேறொன்றும் தெரியாது.

ஆக, பனிக்குள் என்ன இருக்கிறது என்பது ஊகம். நல்ல ஊகமாக இருக்கலாம், ஆதாரத்தோடு கூடிய ஊகமாக இருக்கலாம், ஆனால் ஊகம். ஊகமே தேவைப்படாத விஷயம் ஒன்று உண்டு: சாய்வுக் கோணம். ஸ்லாப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரையிலான சாய்வுகளில் கிளம்புகின்றன. 38 டிகிரியை ஒட்டித்தான் மிக அதிகம். 30-க்குக் கீழே அபூர்வம். 50-ஐத் தாண்டினால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். சோதனை என்னவென்றால், ஸ்கீ செய்ய மிகவும் சுகமான கோணமும் அந்த 30 முதல் 40 தான். ரிசார்ட்டில் கஷ்டமான ஓடுதளம் என்று பலகை வைத்திருப்பார்களே, ஏறக்குறைய அதே கோணம். உங்கள் கால்கள் ஆறு வருடமாக எதைத் தேடிப் பழகியிருக்கின்றனவோ, பனிச்சரிவும் அதையே தேடுகிறது.

கோணத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். வகுப்பில் புதியவர்களைக் கண்மதிப்பாகச் சொல்லச் சொன்னால் ஐந்தாறு டிகிரி தவறு சர்வசாதாரணம். 28-க்கும் 34-க்கும் நடுவில் அதே ஐந்தாறு டிகிரிதான் இருக்கிறது. சாய்வுமானி விலை அதிகமில்லாத கருவி. கைபேசியிலும் அந்த வசதி உண்டு. வீட்டிலேயே, சாய்வுக் கோணத்தை நிறத்தால் காட்டும் வரைபடத்தில் பாதையை முழுக்க ஓட்டிப் பாருங்கள். வரைபடம் சின்னச் சின்ன மேடுகளை விழுங்கிவிடும். முப்பது மீட்டர் அகலமுள்ள ஒரு செங்குத்து அதில் தெரியாமலே போகலாம். ஆனாலும் எங்கே நின்று மறுபடி அளக்க வேண்டும் என்பதை அது சொல்லிக்கொடுக்கும்.

நீங்கள் நிற்கும் இடத்தின் கோணம் மட்டும் போதாது, மேலே என்ன தொங்குகிறது என்பதும் கணக்கில் வரும். அடியிலுள்ள அடுக்கு மோசமாக இருக்கும் நாளில், சமதளத்தில் நடக்கும் ஒருவர் மேலேயிருக்கும் சாய்வைத் தூண்டிவிட முடியும். விரிசல் அங்கே ஓடிப் போய்ப் பலகையைக் கழற்றும். 2013 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலராடோவில், லவ்லண்ட் கணவாய்க்கு அருகே ஷீப் கிரீக்கில் நடந்தது அதுதான். ஆறு பேர், அறிக்கையைப் படித்தவர்கள், ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டுக் கீழ்ப்பகுதியில் கடந்துகொண்டிருந்தார்கள். கீழிருந்தே மேற்சாய்வு தூண்டப்பட்டு ஆறு பேரையும் மூடியது. ஒருவர் மட்டும் பிழைத்தார். அவர்கள் அந்தச் சாய்வில் இறங்கவே இல்லை என்பதை மனதில் வையுங்கள். கீழே ஓடைப் பள்ளமோ, பாறை விளிம்போ, அடர்ந்த மரங்களோ இருந்தால் இன்னும் மோசம். சின்னச் சரிவுகூட பள்ளத்துக்குள் குவிந்தால் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் சேர்ந்துவிடும்.

இனி அறிக்கை. ஐந்து நிலைகள்: குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம். மூன்று என்பதைப் பார்த்தவுடன் ஐந்துக்கு மூன்று, நடுத்தரம் என்று மனம் சொல்லும். அப்படியில்லை. நிலைகள் சம இடைவெளிப் படிகள் இல்லை. ஒரு படி ஏறும்போது ஆபத்து பல மடங்கு கூடுகிறது. மூன்றாம் நிலையில் ஒரே ஒரு ஸ்கீயரின் எடை போதும், தானாகச் சரிவதும் நடக்கலாம். ஆல்ப்ஸ் நாடுகளிலும் வட அமெரிக்காவிலும் வேறெந்த நிலையையும்விட மூன்றாம் நிலை நாட்களில்தான் அதிகம் பேர் சாகிறார்கள். காரணம் எளிது. நான்காம் நிலையில் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மலையும் தன் கோபத்தை வெளிப்படையாகக் காட்டுகிறது. மூன்றாம் நிலையில் வானம் தெளிந்திருக்கும், பனி புதிதாக இருக்கும், கண்ணுக்கு எதுவும் தப்பாகத் தெரியாது. மதில்மேல் பூனை மாதிரி நாள்.

எண்ணைவிட முக்கியம், அறிக்கை என்ன பிரச்சினை என்று சொல்கிறது என்பது. பலர் எண்ணைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். புதுப்பனிப் பிரச்சினை என்றால் ஓரிரண்டு நாள், சிலசமயம் மூன்று நாள் பொறுத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். காற்று அடித்துச் சேர்த்த பலகை என்றால் முகடுகளின் காற்று மறைவான பக்கத்தில், மழுங்கிய மேடுகளுக்குப் பின்னால், குழிவுகளில் இருக்கும். கண்ணால் தேடி ஒதுங்கிப் போக முடிகிற வகை இது. வானத்திலிருந்து பனி விழாமலே காற்று மட்டும் ஒரு சாய்வில் பனியைக் கொண்டுவந்து கொட்டிவிடும், பனிப்பொழிவைவிடப் பல மடங்கு வேகத்தில். அதனால் நேற்று பனியே பெய்யவில்லையே என்ற வாதம் நிற்காது. ஈரப்பனிப் பிரச்சினை வெயிலோடும் மழையோடும் வருவது. வசந்தகாலத்தில் இரவு நன்றாக உறைந்திருந்தால் விடியலில் ஏறி, மேற்பரப்பு குழைவதற்குள் இறங்கிவிடலாம். பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் புதைய ஆரம்பித்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். நான் நிஜமாகவே பயப்படுவது ஆழத்தில் நீடித்திருக்கும் பலவீன அடுக்குக்குத்தான். அது நாட்கணக்கில் இல்லை, வாரக்கணக்கில் காத்திருக்கும். சாய்வுக்குச் சாய்வு மாறும். எச்சரிக்கை எதுவும் தராது. அறிக்கை அப்படிச் சொல்லும் வாரத்தில் நான் பனியைப் படிக்க முயல்வதே இல்லை. கோணத்தைக் குறைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு பழைய கட்டைவிரல் கணக்கு உண்டு. ஸ்விட்சர்லாந்தின் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் பரப்பியது: இரண்டாம் நிலையில் 40 டிகிரிக்குக் கீழே, மூன்றில் 35-க்குக் கீழே, நான்கில் 30-க்குக் கீழே. துல்லியமான அறிவியல் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் குளிரில் களைத்துப்போன மூளைக்கும் நினைவில் நிற்கும். முதல் வருடக்காரருக்கு நான் இதையும் இன்னும் இறுக்குவேன்: மூன்று என்றாலே 30-க்குக் கீழே.

மலைக்குப் போன பிறகு தெரியும் அடையாளங்கள் சில உண்டு, அவை நிச்சயமானவை. பக்கத்துச் சாய்வில் புதிதாகச் சரிந்த தடம். ஸ்கீ முனையிலிருந்து கண்ணாடியில் ஓடுவதுபோல ஓடும் விரிசல். காலடியில் ‘வும்ப்’ என்று ஒரு அமுங்கல் சத்தம். உள்ளே அந்த மெல்லிய அடுக்கு நொறுங்குவதுதான் அது. ஒரே இரவில் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் புதுப்பனி. திடீர் வெப்ப உயர்வு. இவற்றில் ஒன்று இருந்தாலும் செங்குத்தான சாய்வுகள் அன்றைக்கு முடிந்த கதை. முதல்முறை அந்தச் சத்தத்தைக் கேட்டபோது நாங்கள் மரங்களுக்கிடையே ஒரு சமவெளியில் இருந்தோம். காலடி இரண்டு சென்டிமீட்டர் இறங்கியது, இருபது மீட்டர் தள்ளி ஒரு சின்ன ஃபிர் மரம் தன் மேலிருந்த பனியை உதறியது. யாரும் தொடவில்லை. அந்த மரம் அசைந்ததைப் பார்த்த பிறகுதான் விரிசல் ஓடும் என்பது எனக்கு வெறும் பாடப்புத்தக வாக்கியமாக இல்லாமல் போனது. ஆனால் இந்த அடையாளங்கள் ஒருவழிப் பாதை. இருந்தால் ஆபத்து நிச்சயம். இல்லாவிட்டால் ஒன்றும் நிச்சயமில்லை. மலை பேசாமலிருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

குழி தோண்டிச் சோதிப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் பனித்தூண் ஒன்றை வெட்டி, மேலே ஷவலை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டி, எத்தனையாவது தட்டில் எந்த ஆழத்தில் உடைகிறது என்று பார்க்கும் முறை உண்டு. 90 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டினால் விரிசல் முழு நீளமும் ஓடுகிறதா என்றும் தெரியும். எனக்கு அதுதான் கூடுதலாக உதவியிருக்கிறது. கற்றுக்கொள்ளுங்கள், பனியின் அடுக்குகளைக் கையால் தொட்டுப் பார்ப்பதற்கு வேறு வழியில்லை. அதை வைத்துச் சாய்வுக்கு அனுமதி மட்டும் கொடுக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு சாய்வின் ஓரத்தில் நானே தோண்டினேன். முப்பது தட்டும் தட்டியும் தூண் அசையவில்லை. மனம் குளிர்ந்து போனது. அங்கிருந்து அறுபது மீட்டர் தள்ளி, சாய்வு புடைத்து வளைகிற இடத்தில், கூட வந்தவர் முதல் திருப்பம் போட்டதும் அவருக்குக் கீழே ஒரு பலகை கழன்று போனது. சின்னதுதான், அவர் விளிம்புக்கு மேலேயே நின்றுவிட்டார். நான் தோண்டிய இடத்தில் பனி ஒன்றரை மீட்டர், அங்கே அரை மீட்டர்கூட இல்லை. சோதனை பொய் சொல்லவில்லை. தோண்டிய இடத்தைப் பற்றி மட்டும் உண்மையைச் சொன்னது.

உங்கள் நண்பர் சொன்ன தடங்களுக்கும் இதே விளக்கம்தான். ஸ்கீயரின் எடை ஒரு மீட்டர் ஆழம்வரைதான் ஓரளவு உறைக்கும். பலகை தடிமனாக இருக்கும் இடத்தில் நாலு பேர் இறங்கினாலும் கீழ் அடுக்குக்குச் செய்தியே போயிருக்காது. ஐந்தாமவர் பாறை தலைகாட்டும் ஓரத்தில், பனி மெலிந்த இடத்தில் கால் வைக்கிறார். அவருக்குத்தான் கதவு திறக்கிறது. இரவில் காற்று மேலும் பனியைச் சேர்த்திருக்கலாம், நண்பகல் வெயில் நிலைமையை மாற்றியிருக்கலாம். ஓடுதளம்போல முழுச் சாய்வும் வாரக்கணக்கில் மிதிபட்டிருந்தால் அது வேறு விஷயம். நாலு தடம் சொல்வதெல்லாம், நாலு பேருக்கு நேற்று அதிர்ஷ்டம் இருந்தது என்பதைத்தான்.

தடத்தைப் பார்த்ததும் தைரியம் வருவது உங்களுக்கு மட்டும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கம்மன் 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்து, மனம் எப்படி வழுக்குகிறது என்று 2004-இல் எழுதினார். பழகிய இடம், கிளம்பியாயிற்றே இனி எப்படித் திரும்புவது என்ற பிடிவாதம், மற்றவர் முன் நன்றாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை, கூட்டத்தில் ஒருவரை நிபுணராக்கி அவர் பின்னால் போவது, முதல் தடம் நமதாக இருக்க வேண்டும் என்ற அவசரம், சுற்றிலும் ஆட்கள் இருப்பதால் வரும் துணிச்சல். பயிற்சி பெற்றவர்களும் இவற்றிலிருந்து தப்பவில்லை என்பதுதான் அதில் என்னை உறுத்திய விஷயம். 2012 பிப்ரவரி 19 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் கணவாயை ஒட்டிய டனல் கிரீக்கில் இறங்கக் கூடியவர்கள் பதினாறு பேர். பலர் அந்தத் தொழிலிலேயே இருந்தவர்கள். மூன்று பேர் இறந்தார்கள். திறமை போதாமல் நடந்தது என்று அதைச் சொல்ல முடியாது. அத்தனை திறமைசாலிகள் சூழ நிற்கும்போது வேண்டாம் என்று வாயைத் திறப்பது கஷ்டம். நானும் அப்படி வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கருவிகளுக்கு வருவோம். அவை எல்லாம் சரிந்து முடிந்த பிறகு வேலை செய்பவை. ஸ்விட்சர்லாந்துத் தரவுகளை வைத்து 1994-இல் வெளிவந்த ஆய்வு, முழுதாகப் புதைந்தவர்களில் 15 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டவர்கள் 92 சதவீதம் பிழைத்தார்கள், 35 நிமிடத்தில் அது 30 சதவீதமாக விழுந்தது என்று காட்டியது. 2024-இல் அதே நாட்டுத் தரவுகளை மறுபடி ஆராய்ந்தபோது அந்த நல்ல காலம் 10 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. அதைத் தாண்டி அரை மணிக்குள் மூன்றில் ஒருவர்கூடப் பிழைப்பதில்லை. ஹெலிகாப்டர் பத்து நிமிடத்தில் வராது. உங்களை எடுக்கப்போவது கூட இருக்கும் மூவர்தான், அல்லது யாருமில்லை. இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: இறப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மூச்சுத்திணறலால் இல்லை, மரத்திலும் பாறையிலும் மோதிய காயத்தால் இறக்கிறார். அவருக்கு டிரான்ஸீவர் ஒன்றும் செய்யாது.

ஏர்பேக் நிஜமாகவே உதவும். பல அளவுக் கற்களைப் பெட்டியில் போட்டுக் குலுக்கினால் பெரியவை மேலே வரும் அல்லவா, அதே தத்துவம். 2014-இல் வந்த ஓர் ஆய்வு, மோசமாக மாட்டிக்கொண்டவர்களின் இறப்பு விகிதம் விரிந்த ஏர்பேக்கால் 22 சதவீதத்திலிருந்து 11-ஆகக் குறைந்ததைக் கண்டது. பாதியாகக் குறைவது பெரிய விஷயம்தான், ஆனால் பூஜ்ஜியமாகவில்லை. அதே ஆய்வில் ஐந்தில் ஒரு ஏர்பேக் விரியவே இல்லை. முக்கியக் காரணம், மாட்டியிருந்தவர் கைப்பிடியை இழுக்கவில்லை. ஏர்பேக் இருப்பதால் கொஞ்சம் செங்குத்தாகப் போகலாம் என்று நினைத்தால் அது தரும் லாபத்தை அங்கேயே செலவழித்துவிடுகிறீர்கள்.

டிரான்ஸீவரை வாங்கிப் பையில் வைத்திருப்பதும் ஓட்டத் தெரிந்திருப்பதும் வேறுவேறு. எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸில் பேசுவதால் எந்த நிறுவனத்தின் கருவியும் எதையும் கண்டுபிடிக்கும். அந்தக் கவலை வேண்டாம். கருவியின் திரையில் வரும் அம்புக்குறி உங்களை நேர்கோட்டில் கூட்டிப்போகாது, வளைந்த பாதையில் இழுக்கும். பழகாதவர்கள் இங்கேதான் பதறி, எதிர்ப்பக்கம் ஓடுகிறார்கள். கடைசி மூன்று மீட்டரில் வேகத்தைக் குறைத்துக் கருவியைப் பனியை ஒட்டிப் பிடித்து, திரையில் தூரத்தைக் காட்டும் எண் மிகக் குறைவாக இருக்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து சுருள் வட்டமாக 25 சென்டிமீட்டர் இடைவெளியில் புரோபைக் குத்த வேண்டும். பனிப்பரப்புக்குச் செங்குத்தாகக் குத்துங்கள். ஆள் தட்டுப்பட்டால் புரோபை உருவாதீர்கள், அதுதான் அடையாளம். தோண்டுவதை நேர்மேலிருந்து ஆரம்பிக்காமல், புரோபுக்குக் கீழ்ப்பக்கம், புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி ஆரம்பித்து, ஆளை நோக்கிக் குடைந்து போங்கள். நேரம் தின்பது தேடல் இல்லை, தோண்டல்தான். சரிந்து நின்ற பனி கான்கிரீட் மாதிரி இறுகிவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஆளை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் வாரிப்போட வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் ஷவல் என்றால் உலோகத்துக்கு மாற்றிவிடுங்கள். கைபேசியை டிரான்ஸீவரிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள், தேடும்போது 50. முகம் தெரிந்தவுடன் வாயிலும் மூக்கிலும் உள்ள பனியை எடுத்து, மூச்சு இல்லையென்றால் முதலில் மூச்சுக் கொடுங்கள். இவர்களுக்குக் குறைவது ஆக்ஸிஜன், அதனால் வெறும் மார்பழுத்தம் போதாது. இதற்கு மேல் முதலுதவி வகுப்பில் கற்க வேண்டியது.

சரி, உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன்? மூன்றாம் நிலையிலும் போவேன். ஆனால் அந்தச் சாய்வுக்கு இல்லை. வரைபடத்தில் முழுவதும் 30 டிகிரிக்குக் கீழே இருக்கும், மேலே செங்குத்து எதுவும் தொங்காத ஒரு பாதையைத் தேடுவேன். 25 டிகிரியில் புதுப்பனியில் இறங்குவது எவ்வளவு சுகம் என்று ரிசார்ட்டில் பழகியவர்களுக்குத் தெரிவதில்லை. கிளம்பும் இடத்தில் நால்வரின் கருவியும் அனுப்புகிறதா, தேடுகிறதா என்று ஒவ்வொருவராகச் சோதிப்பேன். சந்தேகமான இடத்தை ஒருவர் கடக்கும்போது மற்ற மூவரும் பத்திரமான இடத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; அவர் போய் நிற்கும் இடமும் சரிவு வந்து சேராத இடமாக இருக்க வேண்டும். நால்வரில் ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் திரும்புவது என்று காரிலிருந்து இறங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்வேன், மலை மேல் அதைப் பேச முடியாது. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, ஒரு டிரான்ஸீவரைப் பைக்குள் வைத்துப் புதைத்து, மற்ற மூவரும் கடிகாரத்தை வைத்து எடுத்துப் பார்ப்பேன். முதல்முறை பத்து நிமிடத்தில் முடியாது. எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துவிட்டு மறுபடி புதையுங்கள்.

அப்புறம் அந்த நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: அந்தச் சாய்வு எத்தனை டிகிரி? அவரிடம் எண் இல்லையென்றால், இன்னும் யாரும் அதை அளக்கவில்லை.